கரி போடாத பாய்லர்

போன வாரம் காஸ் ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்தார். வீடு வீடாகப் போய் ட்யூபைச் சோதிக்கிறார்களாம். கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, நுரையை வழித்து, அடுப்புக்குப் போகும் ட்யூபில் தடவிவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "குமிழி வந்தா லீக்குன்னு அர்த்தம் பாட்டி" என்று எனக்குப் பாடம் வேறு. ஆமாம் தம்பி, ஆமாம் தம்பி என்று தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற என் மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சோப்பு நுரை விஷயத்தில் அவர் எனக்குப் பேரன் முறை என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் போன பிறகும் சமையல்கட்டில் அந்த வாடை கொஞ்ச நேரம் நின்றது. காஸைத் திறந்து மூடினால் வருமே, அழுகின வெங்காயம் மாதிரி, அதுதான். எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள், ஜன்னலைத் திறப்பார்கள். எனக்கு அந்த வாடையோடு ஏலக்காய் தட்டிப் போட்ட பால் வாசனையும் சேர்ந்தே வரும். அதற்குப் பின்னாலேயே ஆடிக்காற்று வரும், புங்க மரம் வரும், விபூதி பறந்தது வரும். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க இதே நினைப்பாக இருந்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதனால்தான் எழுதி இறக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். பஸ் போர்டு படிப்பேன், கல்யாணப் பத்திரிகை படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் டீயில் விழுந்த எறும்பு என்று ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குடியுங்கள்.

விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனிகள் இருக்கும் செராமிக் பேட்டையின் பெரிய வாசலுக்கு வெளியே, புங்க மரத்தடியில் எனக்கு ஒரு டீக்கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு கால், மேலே கீற்று, முன்னால் ஒரு பெஞ்சு. அந்த பெஞ்சுக்கும் ஒரு கால் குட்டை. அதன் கீழே உடைந்த பியூஸ் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தேன். எங்கள் ஊரில் எதற்கு முட்டுக் கொடுத்தாலும் பீங்கான்தான். ஆட்டுக்கு முளை அடித்தால்கூடப் பக்கத்தில் ஒரு பீங்கான் துண்டு கிடக்கும்.

கடை சின்னது, பாய்லர் பெரியது. டீக்கடைக்குப் பாய்லர்தான் முகம். பால் சட்டி, கிளாஸ், வடைத் தட்டு எல்லாம் பின்னால் வரும் உறவுக்காரர்கள். என்னுடையது கும்பகோணத்துச் செம்பு. தவலைக்கு நடுவில் ஒரு குழாயைச் செருகினது போல இருக்கும். அடியில் கரி போட்டால் அனல் குழாய் வழியாக மேலே ஏறும், சுற்றி நிற்கும் தண்ணீர் கொதிக்கும், பக்கத்துக் குழாயைத் திறந்தால் வெந்நீர். தலையில் பால் சட்டி உட்கார்ந்துகொள்ளும். தினமும் காலையில் புளி போட்டுத் தேய்த்து, மூன்று கோடு விபூதி இட்டு, நடுவில் குங்குமம் வைத்து நிறுத்தினால் சாட்சாத் அம்மன் மாதிரி இருக்கும். காசியைவிடப் புண்ணியத்தில் ஒரு வீசம் அதிகம் எங்கள் ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வீசம் என் டீதான் என்று நான் சொல்வேன். தன் டீயைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாதுதான். குடித்தவர்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வேறு யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

கடைக்கும் பேட்டைக்கும் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சாரதாம்மாவின் பொம்மை கம்பெனி. வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த அம்மாவே எடுத்து நடத்தினார். வெள்ளைப் புடவை, காதில் சின்னத் தோடு, கையில் எந்நேரமும் காய்ந்த மண். அவருடைய வாசல் முற்றத்தில்தான் பொம்மைகளுக்குக் கிளேஸ் போட்டு, அதாவது அந்தப் பளபளப்புக்கான பூச்சில் முக்கி எடுத்து, பலகை பலகையாகக் காய வைப்பார்கள். பிள்ளையார், மயில், தலையாட்டும் கிழவர். காய்ந்ததும் சூளைக்குப் போகும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. சாம்பல் பறந்து பார்த்திருக்கிறேன். என் கடை சுவருக்கு மேற்கே. ஆடியில் அடிப்பது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. பாய்லர் கரியை நான் விசிற வேண்டிய வேலையே இல்லை, காற்றே விசிறிவிடும். அது விசிறின சாம்பல் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. ஒருநாள் காலையில் சாரதாம்மா சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார். கையில் சூளையிலிருந்து வந்த புதுப் பிள்ளையார். முகமெல்லாம், தும்பிக்கையெல்லாம் கரும்புள்ளி.

"பாரும்மா. பிள்ளையாருக்கு அம்மை வாத்திருக்குது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கிளேஸ் மேல் விழுந்த சாம்பல் சூளைக்குள் போய் அப்படியே ஊறி நின்றுவிடுகிறது, ஒரு பலகைப் பொம்மை முழுக்க இப்படித்தான் என்றார். ஆடிப்பெருக்கு கழிந்ததும் கொலு ஆர்டருக்குக் கிளேஸ் போட ஆரம்பிப்பார்கள். அந்த வருஷத்துச் சம்பளமே அதில்தான். பிறகு எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உன் டீ நல்லாத்தான் இருக்குது. உன் கரிதான் வேணாம். பெருக்குக்குள்ள கரிய நிறுத்திடு. இல்லன்னா கடைய அந்தாண்ட பஸ் ஸ்டாப்புக்கிட்ட போட்டுக்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன், எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. மெதுவாகச் சொன்னதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேட்டையில் அந்த அம்மா சொன்னால் சொன்னதுதான். பஸ் ஸ்டாப்பிலோ ஏற்கெனவே ரேடியோ வைத்த கடைகள் இருந்தன. அங்கே போனால் நான் கடைசியில் வந்த கடைக்காரி. இங்கே, சங்கு ஊதினால் பெரிய வாசல் திறக்கும், வேலைக்காரர்கள் மொத்தமாக வெளியே வருவார்கள், நேரே என் பாய்லர் முகத்தில்தான் விழிப்பார்கள். அந்த இடம் போனால் கடை போன மாதிரி.

மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ்வை அடியில் வைத்துப் பார்த்தோம். டீயில் லாந்தர் விளக்கு வாடை அடிக்கிறது என்று ஒருவர் பாதி கிளாஸைக் கீழே ஊற்றினார். அப்போது காஸ் சிலிண்டர் ஊருக்குள் வந்த புதிது. கடைக்கென்று ஒரு சிலிண்டர் எடுத்து, அதோடு விற்கிற அடுப்பையே பாய்லருக்கு அடியில் தள்ளிப் பார்த்தோம். அது தோசைக்கல்லுக்குச் செய்த அடுப்பு. அகன்று எரியும். பாய்லரின் வயிற்றுக் குழாயோ கை நுழையும் அகலம்தான். தீ உள்ளே ஏற இடமில்லாமல் வெளியே பக்கவாட்டில் நாக்கை நீட்டியது. எங்கள் வீட்டுக்காரரின் கை ரோமம் கருகினதுதான் மிச்சம்.

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவில்லையே. அவர் பேட்டையில் சூளைக்குள் சாமான் அடுக்குகிறவர். ஒன்றின்மேல் ஒன்று படாமல், இடமும் வீணாகாமல் அடுக்குவதில் கெட்டிக்காரர். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அடுக்க மாட்டார், அது வேறு கதை. அவருடைய கூட்டாளி லூர்து அண்ணன். சூளைகளுக்கு எண்ணெய் பர்னர் மாட்டுவது, கழற்றுவது, அடைப்பு எடுப்பது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெள்ளை வேட்டியில் போவார், மற்ற நாளெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கையைக் கழுவாமல் என் கிளாஸைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். அதனால் அவருக்கு மட்டும் தனியாகச் சோப்பு.

அவர்தான் யோசனை சொன்னார். "வேப்பூர் ரோட்டுல ஒரு ஓட்டல்ல பாத்தேன் தங்கச்சி. காஸ்ல பாய்லர் ஓடுது. கடையில வாங்குன பர்னர் இல்ல அது, அவங்களே செஞ்சது. ஒரு பைப்பு, ஒரு மூடி, அவ்வளவுதான். நாம செய்ய மாட்டமா?"

செய்ய மாட்டோமா என்று யாராவது கேட்டுவிட்டால் எங்கள் வீட்டுக்காரருக்கு உட்கார முடியாது. அந்த ஓட்டலில் மூடி இரும்பு. இரும்பு எதற்கு, துரு பிடிக்கும், துளை அடைக்கும், நாம் பீங்கானிலேயே செய்வோம் என்று கிளம்பிவிட்டார். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு இரும்பில் மூடி போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அதுதான் அவர் கவலை. கடை போய்விடும் என்பது என் கவலை.

பியூஸ் கட்டைக்குப் பிசைந்த வெள்ளை மண்ணில் ஒரு உருண்டை கேட்டு வாங்கி வந்தார்கள். பெஞ்சில் வைத்துத் தட்டி, கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. சைக்கிள் போக்ஸ் கம்பியால் மேலே சுற்றிச் சுற்றித் துளை. மண் சூளைக்குள் போனால் சுருங்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பெரிதாகச் செய்தார்கள். இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தாலும் "சூளைக் கழிவு விட்டிருக்குதா?" என்றுதான் கேட்பார்கள். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை. துளை போதாது என்றார் ஒருவர், அதிகம் என்றார் ஒருவர். எனக்கு அன்றைக்கு வடை நன்றாக விற்றது.

மூடி சூளைக்குப் போனது. வந்தது. வீட்டுக்காரர் துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி கொண்டுவந்தார். பிரித்தால், அடடா, அவ்வளவு அழகு. பால் வெள்ளை, கண்ணாடிப் பளபளப்பு, தாமரைக்காய் மாதிரி புள்ளி புள்ளியாகக் கண். பெஞ்சில் இருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். என் கைக்கு வந்ததும் எனக்கே பெருமை தாங்கவில்லை. கடைசியில் லூர்து அண்ணன் வாங்கி, அடிப்பக்கம் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. காற்று வரவில்லை. திருப்பிப் பார்த்தார். மறுபடி ஊதினார்.

"மாப்ள, இதுக்குக் கிளேஸ் போட்டியா?"

"போடாம? வெறும் மண்ணாவா குடுப்பாங்க?"

போட்டிருக்கிறார். பேட்டையில் இருந்து எது வெளியே போனாலும் கிளேஸில் முக்கித்தான் போகும். கையே அதற்குப் பழகிவிட்டது. முக்கியதில் அத்தனை துளையும் கண்ணாடியாக அடைத்துக்கொண்டுவிட்டது. துளை போட்ட சாமானில் துளையைத் தவிர எல்லாம் நன்றாக இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் மூடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், புங்க மரத்துக் காக்கையெல்லாம் எழுந்து போயின. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பெருக்குக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன். அந்த மூடி வீணாகவில்லை, பிறகு பல வருஷம் என் உப்பு ஜாடிக்கு மூடியாக இருந்தது. விருந்தாளிகள் எந்த ஊரில் வாங்கியது என்று கேட்பார்கள்.

இரண்டாவது மூடிக்கு லூர்து அண்ணன் காவல் இருந்தார். வெள்ளை மண் வேண்டாம், சூளைக்குள் சாமான் அடுக்கும் தட்டுக்குப் போடுகிற முரட்டு மண் போதும் என்றார். அதுதான் தீயைத் தாங்கும். பழுப்பாக, சொரசொரப்பாக, பழைய வரட்டி மாதிரி வந்தது. அழகு இல்லை, ஆனால் ஊதினால் காற்று வந்தது. அதை ஒரு இரும்புக் குழாயின் தலையில் உட்கார வைத்தார்கள். குழாயின் அடியில் காஸ் பீய்ச்சுவதற்கு ஒரு பித்தளைத் திருகில் துளை. காற்று உள்ளே போகக் குழாயின் பக்கத்தில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலை மூடவும் திறக்கவும், பவுடர் டப்பாவை வெட்டிச் சுற்றின ஒரு தகர வளையம். மிச்சமெல்லாம் அந்த வளையத்தில்தான் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதல் முதலாகப் பற்ற வைக்கிற நாள். சிலிண்டரைக் கடைக்கு வெளியே தள்ளி வைத்து, ட்யூபை இழுத்து, மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். நுரை கலக்கினது நான். லூர்து அண்ணனுக்கென்று வைத்திருந்த சோப்புதான். ஒரு மூட்டில் குமிழி வந்தது, இறுக்கினார். மறுபடி தடவினேன், வரவில்லை. எல்லாம் சரி.

இதில் ஒன்று. எங்கள் ஊரில் புதுச் சூளைக்கு முதல் தீ வைக்கிறபோது கற்பூரம் ஏற்றாமல் வைக்க மாட்டார்கள். பர்னரும் தீதானே, பாய்லரும் ஒரு சூளைதானே என்று வீட்டுக்காரர் தட்டில் விபூதி கொட்டி, நடுவில் கற்பூரம் ஏற்றி, பாய்லரைச் சுற்ற ஆரம்பித்தார். லூர்து அண்ணன் அவர் பாட்டுக்குக் கீழே குனிந்து, "தொறக்கறேன்" என்று சொல்லி காஸைத் திறந்துவிட்டார். அவர் சொன்னது காற்றில் போய்விட்டது. இவர் சாவகாசமாக மூன்றாவது சுற்று சுற்றி, கற்பூரத் தட்டைப் பாய்லரின் அடிவாய்க்கு நேரே காட்டினார்.

டப்.

பெரிதாக ஒன்றும் இல்லை, அப்பளம் பொரிந்த மாதிரிதான். ஆனால் தட்டு கையை விட்டுப் போனது. விபூதி மொத்தமும் எழுந்து பெஞ்சில் இருந்தவர்கள் தலை, மீசை, டீ கிளாஸ் எல்லாவற்றிலும் இறங்கியது. புகை அடங்கிப் பார்த்தால் எல்லாருக்கும் நெற்றி நிறைய. அதிகம் லூர்து அண்ணனுக்குத்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழம ஃபாதர்கிட்ட நான் என்னா சொல்வேன்?" என்றார். ஒருவருக்கும் காயம் இல்லை. அன்றையிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். சாமி முதலில் கும்பிட வேண்டும், பிறகு குச்சி கிழிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காஸ். மூன்றையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டும். அந்த ஆள் நான்.

நானே பற்ற வைத்தேன். பிடித்துக்கொண்டது. ஆனால் தீ மஞ்சளாக, சோம்பலாக, பந்தம் மாதிரி ஆடியது. மேல் வாயில் கையைக் காட்டினால் கை கரியாகிறது. கரி போட்டாலும் கரி, காஸ் போட்டாலும் கரியா? வளையத்தைத் திருகிக் காற்று விட்டார் லூர்து அண்ணன். மஞ்சள் போய் நீலம் வந்தது. இன்னும் திருகினார். தீ மூடியை விட்டு ஒரு விரல் உயரே எழும்பி, அந்தரத்தில் நின்று, அணைந்துவிட்டது. குறைத்துப் பற்ற வைத்தோம். இந்தத் தடவை தீ குழாய்க்குள்ளேயே இறங்கிக்கொண்டு உள்ளே நின்று உறுமியது. குழாய் சூடேறியதும் அவசரமாக மூடினோம்.

கடைசியில் ஒரு நிலைக்கு வந்தது. ஹோ என்று ஒரு சத்தம், நீலத் தீ, நிமிர்ந்த தீ. சூளைக்காரர்கள் ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாய்லர் மூடி தாளம் போட்டது, பால் சட்டி ஆடியது, குழாயைத் திறந்தால் வெந்நீருக்குப் பதில் ஆவி சீறியது. பால் பொங்கி அம்மன் நெற்றிக் குங்குமத்தைக் கழுவிக்கொண்டு இறங்கியது.

"என்னா வேகம் பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர்.

"பொம்மையா சுடப்போறீங்க இதுல?" என்றேன்.

சூளை வேலை செய்கிறவர்களுக்குத் தீயை ஏற்றத்தான் கை வரும். காலையில் ஏற்று, மத்தியானம் ஏற்று, இன்னும் ஏற்று. டீ பாய்லர் அப்படி இல்லை. தண்ணீர் கொதிக்கப் போகிறேன், கொதிக்கப் போகிறேன் என்று நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் கொதித்துவிடக் கூடாது. மாமியார் மாதிரி என்று சொல்லலாம். இப்போது நானே மாமியார் என்பதால் சொல்லவில்லை. இதை எடுத்துச் சொன்னதும் லூர்து அண்ணன் தலையைச் சொறிந்தார். பித்தளைத் திருகைக் கழற்றி எறிந்துவிட்டு, பம்பு ஸ்டவ்வின் நிப்பிளை மாட்டினார். அதில் துளை எறும்புக் கண் அளவுதான். வளையத்தை என் கையில் விட்டுவிட்டார்கள். நான் ஸ்பூன் காம்பால் மெதுவாகத் தட்டித் தட்டி நகர்த்தினேன். ஹோ என்ற சத்தம் உஸ் என்று ஆனது. தீ நாவல்பழ நிறத்தில், ஒவ்வொரு துளையிலும் ஒரு நெல்மணி மாதிரி நின்றது. பாய்லர் முணுமுணுக்க ஆரம்பித்தது. எண்ணெய் டின்னை வெட்டிக் காற்று வருகிற பக்கம் தடுப்பாகச் செருகினதும் ஆடிக்காற்றுக்கும் அசையவில்லை.

பெருக்குக்கு முன்னாலேயே போய்ச் சொன்னேன். சாரதாம்மா வந்தார். குனிந்து தீயைப் பார்த்தார். நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தட்டைக் கொடுத்தனுப்பினார். அப்போதுதான் கிளேஸில் முக்கியது, ஈரம்கூடக் காயவில்லை. நாள் முழுக்க அது பாய்லருக்குக் கிழக்கே, காற்று போகிற வழியில், பெஞ்சில் இருக்க வேண்டும். பிறகு அது சூளைக்குப் போகும். அது வெள்ளையாக வந்தால் கடை இங்கே. புள்ளி விழுந்து வந்தால் பஸ் ஸ்டாப்பு.

நியாயமான பேச்சு. ஆனால் அந்த நாள் என்னால் ஒரு டீயும் ஒழுங்காகப் போட முடியவில்லை. சர்க்கரை போடாமல் ஒருவருக்கு, ரெண்டு தடவை போட்டு ஒருவருக்கு. பீடி பற்ற வைத்தவரைத் துரத்தினேன். தும்மியவரைத் திட்டினேன். சேத்தியாத்தோப்பு பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனபோது தட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே முந்தானையை விரித்துக்கொண்டு நின்றேன். சங்கு ஊதினதும் சாரதாம்மாவின் ஆள் வந்து தட்டை எடுத்துப் போனார்.

சூளை வெந்து, ஆறி, பிரிக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். எனக்கென்னவோ அப்போதே சந்தேகம்.

பிரித்த அன்று காலையில் சாரதாம்மாவே தட்டோடு வந்தார். பெஞ்சின் மேல் வைத்தார். பால் மாதிரி வெள்ளை. ஒரு கரும்புள்ளி கிடையாது. என் மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. தட்டின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, ஒரு சொட்டை. அந்த இடத்தில் மட்டும் கிளேஸ் இல்லை, மண் பல்லைக் காட்டியது.

"இத யாரு தொட்டது?" என்றார் சாரதாம்மா.

எங்கள் வீட்டுக்காரர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"காக்கா வந்து உக்காந்துச்சுங்கம்மா."

சாரதாம்மா தட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, அந்தச் சொட்டையின் ஓரத்தைப் பார்த்தார். கிளேஸில் ரேகை ரேகையாகக் கோடு விழுந்து, அப்படியே வெந்து நின்றிருந்தது.

"காக்காவுக்கு எப்பலேருந்துப்பா கைரேகை?"

லூர்து அண்ணன்தான் முதலில் சிரித்தது. வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பஸ் கிளப்பின புழுதியில் ஒரு பொட்டு தட்டில் விழுந்துவிட்டதாம். நான் பார்க்காதபோது மெதுவாக வழித்துவிட்டாராம். கடை போய்விடுமே என்று கை தானாகப் போய்விட்டதாம். ஈரக் கிளேஸில் கை வைக்கக் கூடாது என்று ஆயுசு முழுக்க மற்றவர்களைத் திட்டினவர்.

"அது ரோட்டுப் புழுதி. வெந்தா எங்க இருந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது" என்றார் சாரதாம்மா. "கரி விழல. கை விழுந்திருக்குது. கைக்கு நான் ஒண்ணும் சொல்லல."

நான் அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்காமல் நின்றேன். அந்த அம்மா பெஞ்சில், அந்தக் குட்டைக் கால் பக்கமாகவே உட்கார்ந்தார். அதுவரை என் கடையில் உட்கார்ந்ததில்லை. புடவைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன நிக்கற? டீ போடு."

அதன்பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் அந்த இடத்திலேயே இருந்தேன். காற்று மாறும்போதெல்லாம் ஸ்பூன் காம்பால் வளையத்தைத் தட்டிக்கொள்வேன். மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, வெயிலுக்கு ஒரு கணக்கு. சிலிண்டர் தீரப்போகும்போது உஸ் சத்தம் ஒரு மாதிரி இளைக்கும், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். மூடி வெடித்தால் இன்னொன்று தட்டுவார் வீட்டுக்காரர். ஒவ்வொரு தடவையும், "கிளேஸ் போடட்டுமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். அவர் போய்ச் சேர்ந்து நாளாகிறது. லூர்து அண்ணன் நெய்வேலியில் மகள் வீட்டோடு இருக்கிறார். காது கேட்கவில்லையாம். போனில் நான் கத்த, அவர் கத்த, விஷயம் ஒன்றும் நடக்காது. ஆனாலும் வாரம் ஒரு தடவை கத்திக்கொள்வோம். முழங்கால் பிடித்துக்கொண்டபோது கடையை நானே எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆடியில் பேரப்பெண்ணின் காதுகுத்துக்குச் சாமியானா பேசுவதற்காக மகனோடு ஸ்கூட்டரில் போனேன். அவன் கொண்டுபோய் நிறுத்தின இடம் பேட்டையின் பெரிய வாசல். சாமியானாக்காரர் சாரதாம்மாவின் கம்பெனியைத்தான் இப்போது குடோனாக வாடகைக்கு எடுத்திருக்கிறார். அந்த அம்மா இப்போது இல்லை, பிள்ளைகள் எல்லாரும் சென்னையில். மகன் உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்தான். நான் புங்க மரத்தடியில் நின்றேன். என் கடை இருந்த இடத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். கரி அடுப்பு. கையில் விசிறி வைத்திருந்தாள், விசிற வேண்டிய வேலையே இல்லை. திடீரென்று மேல்காற்று ஒன்று எழும்பி அடுப்பை அள்ளியது. பொறியும் சாம்பலுமாகச் சுவரைத் தாண்டி உள்ளே போனது.

ஐயோ, ஈரக் கிளேஸ் என்றுதான் எனக்குத் தோன்றியது. முழங்கால் வலியையும் மறந்து சுவர் ஓரம் ஓடி, இடிந்த இடத்தில் எக்கிப் பார்த்தேன். முற்றம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, சிவப்பும் நீலமுமாக. சாம்பல் மெதுவாக இறங்கி அவற்றின்மேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். யாரும் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து கேட்கவில்லை.